லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, 1992: நிர்வாகக் குழு உறுப்பினருக்கு எதைக் கற்பிக்க வேண்டும்?

1991-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் நிர்வாகக் குழு முன்பாக ஒரு கொள்முதல் பரிந்துரை வைக்கப்பட்டது. அவசர அழைப்புகளைப் பதிவு செய்து, அருகில் உள்ள வண்டியைக் கண்டறிந்து, அதை நோயாளியிடம் அனுப்பும் வேலை முழுவதையும் கணினியே செய்வதற்கான திட்டம் அது. ஆப்ரிகாட், சிஸ்டம்ஸ் ஆப்ஷன்ஸ், டேட்டாட்ராக் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து கேட்டிருந்த விலை 9,37,463 பவுண்டு. அதற்கு அடுத்து வந்த விலைப்புள்ளி ஏறத்தாழ 7 லட்சம் பவுண்டு கூடுதலாக இருந்தது. குழு பரிந்துரையை ஏற்றது. இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வந்தது என்று எந்தக் கட்டத்திலும் யாரும் கேட்டதற்கான சான்று கிடைக்கவில்லை என்று பின்னர் அமைந்த விசாரணைக் குழு பதிவு செய்தது.

1992 அக்டோபர் 26, திங்கட்கிழமை, அந்தக் கணினி அமைப்பு லண்டன் முழுவதற்கும் ஒரே நேரத்தில் நடைமுறைக்கு வந்தது. மறுநாள் பிற்பகலிலேயே ஊழியர்கள் பாதி கைமுறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அக்டோபர் 28 அன்று தலைமை நிர்வாகி ஜான் வில்பி பதவி விலகினார். நவம்பர் 4 அதிகாலையில் அமைப்பு முழுவதுமாக உறைந்து நின்றது. சவுத் யார்க்‌ஷயர் ஆம்புலன்ஸ் சேவையின் தலைமை நிர்வாகி டான் பேஜ், கணினித் தணிக்கையாளர் பால் வில்லியம்ஸ், தொழில் தகராறுகளைச் சமரசம் செய்வதில் நீண்ட அனுபவமுள்ள டென்னிஸ் பாய்ட் ஆகிய மூவரும் விசாரித்து 1993 பிப்ரவரியில் அறிக்கை அளித்தனர்.

இந்த அறிக்கையை உலகெங்கும் மென்பொருள் பொறியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்களுக்கு இது மோசமாக எழுதப்பட்ட நிரலின் கதை. ஆனால் ஓர் உள்ளூர் அவசர மருத்துவச் சேவையின் நிர்வாகக் குழுவில் அமரும் மனிதருக்கு என்ன பயிற்சி தேவை என்ற கேள்விக்கும் இதைவிட விரிவான ஆவணம் எளிதில் கிடைக்காது. இந்த ஆய்வு, விசாரணை அறிக்கையை அந்தக் கோணத்தில் வாசிக்கிறது. குழு உறுப்பினர்களுக்குச் சட்டமும் கணக்கும் மட்டுமே கற்பித்தால் போதாது. அவர்கள் ஆளும் சேவை ஒரு அழைப்பை எப்படிக் கையாள்கிறது என்பதை முதலில் கற்பிக்க வேண்டும் என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு.

கட்டுப்பாட்டு அறை எப்படி இயங்கியது

அன்றைய லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 600 சதுர மைலுக்குச் சற்று அதிகமான பரப்பில் 68 லட்சம் மக்களுக்குப் பொறுப்பேற்றிருந்தது. நாளொன்றுக்கு 5,000-க்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு சென்றது. தினமும் 2,000 முதல் 2,500 வரை அழைப்புகள் வந்தன. அவற்றில் 1,300 முதல் 1,600 வரை 999 என்ற அவசர எண்ணுக்கு வந்தவை.

கணினிக்கு முந்தைய முறையை ஓர் உறுப்பினர் அறை ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்றிருந்தால் முழுவதுமாகப் புரிந்துகொண்டிருக்கலாம். அழைப்பை எடுப்பவர் விவரங்களை ஒரு படிவத்தில் எழுதுவார். வரைபடப் புத்தகத்தைப் புரட்டி இடத்தின் கட்ட எண்ணைக் கண்டுபிடித்துக் குறிப்பார். படிவத்தை நகரும் பட்டையில் போடுவார். பட்டை முடியும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் படிவங்களை எடுத்துப் பார்த்து, ஒரே விபத்துக்கு இரண்டு மூன்று பேர் அழைத்திருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்து, வடகிழக்கு, வடமேற்கு, தெற்கு என்ற மூன்று பிரிவுகளில் உரிய பிரிவின் ஒதுக்கீட்டாளரிடம் தருவார். ஒதுக்கீட்டாளரின் முன்னால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பெட்டி இருக்கும். எந்த வண்டி எங்கே, என்ன நிலையில் இருக்கிறது என்பதை வானொலி இயக்குநரிடமிருந்து அறிந்து அவர் முடிவெடுப்பார். பிறகு நிலையத்துக்குத் தொலைபேசி, அல்லது வழியில் உள்ள வண்டிக்கு வானொலி. அழைப்பு வந்ததிலிருந்து வண்டி புறப்படுவது வரை மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பது தேசிய அளவுகோல்.

இந்த முறையில் குறைகள் இருந்தன. இடத்தைத் தேடுவதில் நேரம் போனது. படிவங்கள் கைமாறும்போது தாமதமானது. ஒரே நிகழ்வைப் பற்றிய பல அழைப்புகளைக் கண்டறிவது மனித நினைவையே நம்பியிருந்தது. ஆகவே கணினியை நாடியது தவறில்லை. ஆனால் அந்த அறையில் எழுதி வைக்கப்படாத ஓர் அறிவும் இயங்கிக்கொண்டிருந்தது. தன் பிரிவின் தெருக்களையும் ஆட்களையும் ஆண்டுக்கணக்கில் அறிந்த ஒதுக்கீட்டாளர், வானொலியில் வந்த தகவல் சரியில்லை என்றால் குரலைக் கேட்டே சந்தேகப்படுவார். ஒரு வண்டி எட்டு நிமிடமாகப் பேசவில்லை என்றால் அதைக் கூப்பிட்டுக் கேட்பார். குறையுள்ள தகவலை வைத்துக்கொண்டு சரியான முடிவுக்கு வரும் ஆற்றல் அது.

புதிய அமைப்பு அந்த ஆற்றலை வெளியே நிறுத்தியது. எல்லா வண்டிகளின் இடமும் நிலையும் எந்நேரமும் ஏறத்தாழப் பிழையின்றிக் கணினிக்குத் தெரிந்திருக்கும் என்ற அனுமானத்தின் மீது அது கட்டப்பட்டது. வண்டியில் உள்ள ஊழியர் ஒவ்வொரு கட்டத்திலும் சரியான பொத்தானைச் சரியான வரிசையில் அழுத்த வேண்டும். வானொலிச் செய்தி தவறாமல் வந்து சேர வேண்டும். இடங்காட்டும் கருவி பிழை செய்யக் கூடாது. லண்டன் போன்ற நகரத்தில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் கைகூடும் என்று கட்டுப்பாட்டு அறை ஊழியர் எவரிடமாவது கேட்டிருந்தால் அவர் உடனே மறுத்திருப்பார்.

அக்டோபர் 26 அன்று நடந்தது இதன் நேரடி விளைவு. வானொலி அலை எட்டாத இடங்களிலிருந்து செய்திகள் வரவில்லை. சில ஊழியர்கள் தவறான பொத்தானை அழுத்தினார்கள். சிலர் சலிப்படைந்து அழுத்துவதையே விட்டார்கள். வண்டிகள் எங்கே இருக்கின்றன என்பது பற்றிய கணினியின் அறிவு படிப்படியாக உண்மையிலிருந்து விலகியது. அருகில் வண்டி இருக்கத் தொலைவிலிருந்து ஒன்று அனுப்பப்பட்டது. சில இடங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சென்றன. கணினியால் தீர்க்க முடியாதவை விதிவிலக்குச் செய்திகளாகத் திரையில் குவிந்தன. புதிய செய்திகள் வர வர, கவனிக்கப்படாத பழைய செய்திகள் திரையின் மேல் விளிம்பைத் தாண்டி மறைந்தன. பட்டியல் நீண்டதால் அமைப்பு மெதுவானது. வண்டி வராததால் மக்கள் மீண்டும் அழைத்தார்கள். அந்த அழைப்புகள் புதிய அழைப்புகளாகப் பதிவாயின. அந்த இரண்டு நாட்களில் அழைப்புகள் பெருகியதாகத் தோன்றியதற்குப் பெரும் காரணம் இப்படித் திரும்பி வந்த அழைப்புகளும் கண்டறியப்படாத இரட்டைப் பதிவுகளுமே.

இதற்கிடையில் கட்டுப்பாட்டு அறையின் இருக்கை அமைப்பும் மாற்றப்பட்டிருந்தது. நெடுநாள் உடன் வேலை செய்தவர்கள் வெவ்வேறு இடங்களில் பிரித்து உட்கார வைக்கப்பட்டார்கள். தவறு நேர்ந்தால் கைகொடுக்கக் காகிதப் படிவங்கள் இல்லை. ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டிருந்தது, ஆனால் நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால், பயிற்சிக்கும் பயன்பாட்டுக்கும் இடையே பல மாதங்கள் ஓடிவிட்டன, கற்றது மறந்துபோனது. கட்டுப்பாட்டு அறையினருக்கும் வண்டி ஊழியர்களுக்கும் தனித்தனியே பயிற்சி நடந்ததால் ஒருவர் செய்வது மற்றவரை எப்படிப் பாதிக்கும் என்பது இரு தரப்புக்கும் தெரியவில்லை.

நவம்பர் 4-இன் முடக்கத்துக்குக் காரணம் இன்னும் சிறியது. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு நிரலாளர் விட்டுச் சென்ற ஒரு துண்டு நிரல், ஒவ்வொரு முறை வண்டி அனுப்பப்படும்போதும் சேவையகத்தின் நினைவகத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு திருப்பித் தரவில்லை. நினைவகம் நிரம்பியதும் அமைப்பு நின்றது. மாற்றுச் சேவையகம் கைகொடுக்கவில்லை. ஊழியர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். தாமதத்தால் 20 முதல் 30 பேர் வரை இறந்திருக்கலாம் என்று அந்நாட்களில் செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் எந்த மரணத்துக்கும் வண்டியின் தாமதமே காரணம் என்று மரண விசாரணை நீதிமன்றம் எதுவும் தீர்ப்பளித்திருக்கவில்லை என்று விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. இந்த வேறுபாட்டைக் காப்பது முக்கியம். மரணங்கள் நிறுவப்படவில்லை என்பதால் நடந்தது சிறிய பிழை ஆகிவிடாது. வலியோடு மணிக்கணக்கில் காத்திருந்த மனிதர்கள் இருந்தார்கள்.

குழுவின் மேசையில் இருந்ததும் இல்லாததும்

பிரிட்டனில் 1990-இல் நிறைவேறிய சட்டத்தின்படி தேசிய சுகாதாரச் சேவை மறுசீரமைக்கப்பட்டது. அதையொட்டி 1991 ஏப்ரலில் லண்டன் ஆம்புலன்ஸ் சேவைக்கும் புதிய நிர்வாகக் குழு அமைந்தது. மேலே தென்மேற்கு தேம்ஸ் மண்டலச் சுகாதார ஆணையம் இருந்தது. அதே மறுசீரமைப்பில் உயர்நிலை, இடைநிலை மேலாளர் பணியிடங்கள் 268-லிருந்து 53 ஆகக் குறைக்கப்பட்டன. குழு புதிது, அதற்குத் தகவல் கொண்டுவர வேண்டிய நடுநிலை மேலாண்மை அடுக்கு வெட்டப்பட்டுவிட்டது. இந்த இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததை இந்த நிகழ்வின் மிகக் கனமான உண்மையாக நான் கருதுகிறேன். கீழே நடப்பதை மேலே சொல்வதற்கு ஆளில்லாத இடத்தில், மேலே இருப்பவர் தானே கீழே இறங்கிப் பார்க்கக் கற்றிருக்க வேண்டும்.

இதற்கு முன்பே ஒரு கணினித் திட்டம் தோற்றிருந்தது. 1980-களில் தொடங்கிய அந்த முயற்சி, குவியும் வேலையைத் தாங்குமா என்று பார்க்கும் சுமைச் சோதனையில் தேறாமல் 1990-இல் 75 லட்சம் பவுண்டுச் செலவோடு கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் அளித்த ஆலோசனை தெளிவாகவே இருந்தது: ஆயத்தமாக விற்கப்படும் ஓர் அமைப்பை வாங்கினால் 15 லட்சம் பவுண்டும் 19 மாதங்களும் ஆகும், புதிதாக எழுதினால் இரண்டும் கூடும். 1991 பிப்ரவரியில் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டபோது குறிக்கப்பட்ட இறுதி நாள் 1992 ஜனவரி 8. ஒப்பந்தம் கையெழுத்தானது 1991 ஆகஸ்டில். ஆக, 19 மாத வேலைக்கு ஐந்து மாதம்.

35 நிறுவனங்கள் ஆர்வம் தெரிவித்தன. 17 நிறுவனங்கள் முன்மொழிவுகள் அனுப்பின. அந்தக் காலக்கெடுவுக்குள் எல்லாத் தேவைகளையும் நிறைவேற்றித் தருவதாகச் சொன்னது ஆப்ரிகாட் கூட்டணி மட்டுமே. மென்பொருள் எழுதும் பகுதிக்கு அந்தக் கூட்டணி குறித்திருந்த விலை 35,000 பவுண்டு. முழுத் திட்டத்தின் உயிர்நாடியான பகுதிக்கு மொத்த விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இந்த ஓர் எண்ணே, பணியின் கடினத்தை அந்த நிறுவனம் உணரவில்லை என்பதைக் காட்டப் போதுமானது. அதை எழுதவிருந்த சிஸ்டம்ஸ் ஆப்ஷன்ஸ் சிறிய நிறுவனம். ஆம்புலன்ஸ் அனுப்பும் அமைப்பை அதற்கு முன் அது கட்டியதில்லை. பின்னர் அதுவே முதன்மை ஒப்பந்ததாரர் பொறுப்பை ஏற்றது.

ஒப்பந்தப்புள்ளிகளை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கும் வேலையின் பெரும்பகுதி இரண்டு பேர் மீது விழுந்தது. ஒருவர் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்த்த பகுப்பாய்வாளர். மற்றவர் அமைப்பு மேலாளர். அடிப்படையில் ஆம்புலன்ஸ் பணியிலிருந்து வந்தவர். உரிய தகுதியுள்ள ஒருவர் அந்தப் பதவிக்கு வரும் வரைதான் தான் அங்கே இருக்கப் போகிறோம் என்பதை அறிந்திருந்தவர். இருவரையும் குறைசொல்வது நியாயமாகாது. தங்கள் அனுபவத்துக்கு மீறிய வேலை அவர்களிடம் தரப்பட்டது. அதைத் தந்தவர்கள் யார், அந்தத் தேர்வை வேறு கண் ஒன்று சரிபார்த்ததா என்று கேட்பது குழுவின் கடமை. முதன்மை ஒப்பந்ததாரருக்கு அவசரச் சேவை அமைப்புகளில் இருந்த முன்அனுபவம் பற்றித் திட்டக் குழு நிர்வாகக் குழுவுக்குத் தவறான எண்ணத்தை ஏற்படுத்தியது என்று அறிக்கை சொல்கிறது. அதை வைத்துக் குழுவைக் குற்றமற்றதாகக் கருதலாமா? நான் அப்படிக் கருதவில்லை. முன்னாள் வாடிக்கையாளரின் மதிப்பீட்டுக் கடிதத்தை அசலாகக் காட்டுங்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டிருந்தால், அந்தத் தவறான எண்ணம் அதே கூட்டத்தில் கலைந்திருக்கக்கூடும்.

இங்கேதான் பயிற்சி பற்றிய வழக்கமான எண்ணம் சிக்கலுக்கு உள்ளாகிறது. மண்டல ஆணையத்தின் நிதி விதிகள், போதுமான காரணம் இல்லாவிட்டால் குறைந்த விலைப்புள்ளியையே ஏற்க வேண்டும் என்றன. குழு அந்த விதிக்குக் கட்டுப்பட்டே நடந்தது. அதாவது, நிதி விதிகளில் நன்றாகப் பயிற்சி பெற்ற ஒருவர்கூட அன்று அதே வாக்கைத்தான் அளித்திருப்பார். அவருடைய பயிற்சி அவரைத் தவறான முடிவை நோக்கியே தள்ளியிருக்கும். விதியில் "போதுமான காரணம்" என்ற இடைவெளி இருந்தது. அந்தக் காரணத்தைக் கண்டுகொள்ள விதியறிவு உதவாது; அழைப்பு எப்படி வண்டியாக மாறுகிறது என்பதை அறிந்தவருக்கே அது புலப்படும்.

அடுத்த பதினைந்து மாதங்களிலும் குழுவுக்குச் சந்தர்ப்பங்கள் இருந்தன. பிரின்ஸ் என்ற திட்ட மேலாண்மை முறை பின்பற்றப்படும் என்று சொல்லப்பட்டது. அதில் அனுபவமுள்ளவர் சேவைக்குள் யாரும் இல்லை. அது முறையாகப் பயன்படுத்தப்படவும் இல்லை. தர உறுதியைப் பார்க்கச் சார்பற்ற ஒருவர் நியமிக்கப்படவில்லை. ஜனவரி 8 கடந்துபோனது. ஆண்டு முழுவதும் அமைப்பு துண்டு துண்டாக, அடிக்கடி பழுதாகி ஓடியது. அக்டோபர் 26 காலையில் தெரிந்தே தீர்க்கப்படாமல் இருந்த குறைகள் 81. முழுச் சுமையில் அமைப்பு சோதிக்கப்படவில்லை. முந்தைய திட்டம் எந்தச் சோதனையில் வீழ்ந்ததோ, அந்தச் சோதனைக்கே இந்தத் திட்டம் உட்படுத்தப்படவில்லை என்பதைக் குழு கேட்டறிந்திருக்க வேண்டும். மேலாளர்களிடையே தோல்வி பற்றிய அச்சம் மேலோங்கி இருந்ததையும், நிர்வாகத்துக்கும் ஊழியர்களுக்கும் இடையே நம்பிக்கை அற்றுப்போயிருந்ததையும் அறிக்கை விவரிக்கிறது. அச்சம் நிறைந்த இடத்தில் கெட்ட செய்தி தானாக மேலே ஏறி வராது.

ஆறு மணி நேரம்

உறுப்பினர்களின் பயிற்சியைச் சட்டமாகவே எழுதிய இடங்கள் அமெரிக்காவில் உள்ளன. நியூயார்க் மாநிலத்தில் தீயணைப்பு மாவட்டங்கள் என்ற உள்ளாட்சி அமைப்புகளின் ஆணையர்கள், பதவி ஏற்ற 270 நாட்களுக்குள் குறைந்தது ஆறு மணி நேரப் பயிற்சியை முடிக்க வேண்டும். 2007 முதல் பதவிக்கு வந்தவர்களுக்கு இது பொருந்துகிறது. பாடத்திட்டத்தை மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அங்கீகரிக்கிறார். இத்தகைய மாவட்டங்கள் பலவும் ஆம்புலன்ஸையும் நடத்துகின்றன. டெக்சாஸில் தீயணைப்புக்கும் அவசர மருத்துவத்துக்கும் சொத்து வரி வசூலிக்கும் அவசரச் சேவை மாவட்டங்கள் உண்டு. அவற்றின் ஆணையர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆறு மணி நேரத் தொடர் கல்வி பெற வேண்டும். இதைத் தவிர, திறந்த கூட்டங்கள் பற்றிய சட்டப் பயிற்சியைப் பதவியேற்ற 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும்.

இந்தச் சட்டங்களை நான் மதிக்கிறேன். விவசாயியோ கடைக்காரரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லி இந்தப் பதவிக்கு வருகிறார்கள். பொதுப் பணத்தைக் கையாளும் பொறுப்பு என்றால் என்ன, எந்தக் கூட்டத்தை மூடிய கதவுக்குள் நடத்தக் கூடாது, உறவினரின் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போகும்போது ஏன் எழுந்து வெளியே செல்ல வேண்டும் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஊழலையும் கவனக்குறைவையும் இந்தப் பயிற்சி கட்டுப்படுத்தும்.

ஆனால் லண்டனில் நடந்தது ஊழல் அல்ல. யாரும் பணத்தை எடுத்துக்கொள்ளவில்லை; விதிகள் மீறப்படவில்லை; கூட்டக் குறிப்புகள் எழுதப்பட்டன. பொறுப்பு, நிதி, நெறி என்ற தலைப்புகளில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்த ஓர் உறுப்பினர், 9,37,463 என்ற எண்ணைப் பார்த்து மக்கள் பணத்தை மிச்சப்படுத்தியதாக நிறைவடைந்திருப்பார். அந்த ஆறு மணியில் ஒரு மணியையாவது கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மழைபெய்யும் வெள்ளிக்கிழமை இரவில் அழைப்பு எடுப்பவரின் அருகே அமர்ந்து, ஒரு தெருவின் பெயரைச் சொல்லத் தெரியாத பதற்றமான குரலைக் கேட்டு, பதில் சொல்லாத ஒரு வண்டியை ஒதுக்கீட்டாளர் மூன்று முறை கூப்பிடுவதைப் பார்த்த உறுப்பினர், கணினிக்கு எல்லா வண்டிகளின் இடமும் எப்போதும் தெரிந்திருக்கும் என்ற வரியை அமைதியாகக் கடந்திருக்க மாட்டார்.

ஆகவே பயிற்சியின் மையத்தில் சேவையின் ஓட்டம் இருக்க வேண்டும் என்கிறேன். புதிய உறுப்பினர் வாக்களிக்கும் முன்பே கட்டுப்பாட்டு அறையில் ஒரு பணிமுறையும் (ஷிஃப்ட்), வண்டியில் ஒரு பணிமுறையும் முழுதாகக் கழிக்க வேண்டும். இரவுப் பணியாக இருந்தால் நல்லது. அதற்குப் பிறகு ஆவண வாசிப்பு. இதற்கு விரிவுரையைவிட ஒரு பழைய கொள்முதல் கோப்பு அதிகம் உதவும்: எல்லா விலைப்புள்ளிகளையும் அருகருகே வைத்து, எந்தப் பகுதிக்கு யார் எவ்வளவு குறித்திருக்கிறார்கள் என்று பார்த்து, மிகக் குறைந்த எண்ணுக்கும் மிகக் கூடிய எண்ணுக்கும் காரணம் கேட்கப் பழகுவது. ஆலோசகர் 19 மாதம் என்றபோது நம் தாளில் ஐந்து மாதம் என்று எப்படி வந்தது, அந்தத் தேதியை முடிவு செய்தது யார் என்று கேட்பதும் இந்தப் பழக்கத்தில் அடங்கும். லண்டன் அறிக்கையையே இதற்குப் பயிற்சிக் கோப்பாக வைக்கலாம்.

இன்னொன்றும் கற்பிக்கப்பட வேண்டும், கற்பிப்பது கடினம். சொல்லப்பட்டதை ஏற்பதும் சரிபார்க்கப்பட்டதை ஏற்பதும் ஒன்றல்ல என்ற உணர்வு அது. "திட்டம் சரியான பாதையில் போகிறது" என்று மேலாளர் சொன்னால், அதைச் சொல்வதால் ஆதாயம் இல்லாத வேறு யார் அதைச் சொல்கிறார் என்று உறுப்பினர் தேட வேண்டும். அதைக் கேட்பது மேலாளரை அவமதிப்பது ஆகாது. தொழிற்சங்கப் பிரதிநிதியிடமும், வாரத்தில் ஐந்து நாள் அந்தத் திரையைப் பார்க்கும் ஊழியரிடமும் நேரடியாகப் பேசும் உரிமை குழுவுக்கு எழுத்தில் இருக்க வேண்டும். நிறுத்தும் அதிகாரமும் பயிற்சியில் சேர வேண்டும். அக்டோபர் 26-க்கு முந்தைய வாரம், தீராத குறைகளின் பட்டியலை மேசையில் வைத்து, லண்டன் முழுவதற்கும் ஒரே நாளில் மாற வேண்டாம், ஒரு பிரிவில் மட்டும் தொடங்குவோம் என்று சொல்லும் துணிவு ஒருவருக்கு இருந்திருக்க வேண்டும். அந்தத் துணிவு குணத்தில் மட்டும் பிறப்பதில்லை; தனக்குப் புரிந்த விஷயத்தில்தான் மனிதர் உறுதியாகப் பேசுவார்.

பிற்கால விதிகள்

விசாரணைக் குழுவின் பரிந்துரைகள் இந்தத் திசையில்தான் சென்றன. தகவல் தொழில்நுட்ப இயக்குநர் ஒருவரை நியமித்து அவருக்கு நிர்வாகக் குழுவை நேரடியாக அணுகும் வழி வேண்டும். திட்டங்களைக் கவனிக்கக் குழுவின் கீழ் ஒரு துணைக்குழு வேண்டும். பெரிய கணினிக் கொள்முதல்களுக்கு நிதி விதிகள் கூடுதல் வழிகாட்ட வேண்டும் என்று அறிக்கை கேட்டது. விதியே சிக்கலின் ஒரு பகுதி என்பதை அது கண்டுகொண்டது.

ஆனால் குழு உறுப்பினரின் தகுதி பற்றிய பொது விதி இங்கிலாந்தில் உருவாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதைத் தூண்டியதும் ஆம்புலன்ஸ் அல்ல. மிட் ஸ்டஃபர்ட்ஷயர் மருத்துவமனையில் நடந்த கடும் அலட்சியம் பற்றிய ஃப்ரான்சிஸ் அறிக்கை 2013-இல் வெளியானது. அதன் பின், 2014 நவம்பரிலிருந்து சுகாதாரச் சேவை அமைப்புகளின் இயக்குநர்கள் நல்லொழுக்கம், தகுதி, திறன், அனுபவம் உடையவர்களாக இருக்க வேண்டும் என்ற ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தது. ஆம்புலன்ஸ் சேவைகளை நடத்தும் பொது அமைப்புகளும் (டிரஸ்டுகள்) இதற்குள் வருகின்றன. அது எப்படிச் செயல்படுகிறது என்று வழக்கறிஞர் டாம் கார்க் ஆராய்ந்து எழுதி 2019-இல் வெளியான அறிக்கை, இயக்குநர்களுக்கான திறன் அளவுகோல்கள் வரையறுக்கப்பட வேண்டும் என்றது. 2023 செப்டம்பர் 30 முதல் புதிய சரிபார்ப்பு நடைமுறையும், 2024 பிப்ரவரியில் குழு உறுப்பினர்களுக்கான ஆறு பகுதிகள் கொண்ட தலைமைத் திறன் சட்டகமும் வந்தன.

அமெரிக்க மாநிலங்கள் மணி நேரத்தை எண்ணின. இங்கிலாந்து ஆளை எடைபோட்டது. இரண்டாவது முறை மேலானது என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனெனில் ஆறு மணி நேரம் இருக்கையில் இருந்ததற்கான சான்றிதழ் எதையும் அளப்பதில்லை. ஆனாலும் இங்கிலாந்தின் முறையில், தகுதி என்பது சுயவிவரத்தில் உள்ள பழைய பதவிகளாகச் சுருங்கும் அபாயம் உண்டு. பெரிய வங்கியை நடத்திய அனுபவம் உள்ளவர், 999 அழைப்பு ஒன்று எந்தக் கைகளின் வழியாகப் போகிறது என்பதைத் தானே அறிந்துவிட மாட்டார்.

லண்டன் ஆம்புலன்ஸ் சேவை மீண்டது. புதிய தலைமை நிர்வாகியாக வந்த மார்ட்டின் கோரம் கணினிக்கு அவசரப்படவில்லை. ஊழியர்களோடு உறவைச் சீர்செய்வது, வண்டிகளைப் புதுப்பிப்பது, கட்டுப்பாட்டு அறையைச் சரிசெய்வது என்று முதலில் அடிப்படைகளைப் பார்த்தார். புதிய அமைப்பு சேவைக்குள்ளேயே, ஊழியர்கள் பங்கேற்புடன், சிறிது சிறிதாகக் கட்டப்பட்டது. அழைப்பைப் பதிவு செய்யும் பகுதி மட்டும் முதலில் 1996-இன் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முடிவு அப்போதும் ஒதுக்கீட்டாளரின் கையிலேயே விடப்பட்டது.